வண்டிக் கேரியருக்கு நாங்களே போட்ட மரத்தளம்



கண்காட்சி, திருவிழாக் கடை என்று சரக்கை எடுத்துக்கொண்டு போகிற குழுக்களுக்கு ஒரு சங்கடம் தெரிந்திருக்கும். சரக்கு கனமாக இருக்காது, ஆனால் இடத்தை அடைக்கும். எங்கள் குழு பனை ஓலைப் பெட்டியும் அப்பளமும் செய்கிறது. ஐம்பது ஓலைப் பெட்டியை ஒரு ஆள் தூக்கிவிடலாம். வைப்பதற்குத்தான் பாதி அறை வேண்டும். ஆளும் சரக்கும் ஒரே வண்டியில் போக வேண்டுமென்றால் பெட்டிகள் கூரை மேல்தான் ஏற வேண்டும்.

எங்களுக்கு வாய்த்தது உறுப்பினர் ஒருவர் வீட்டு ஆம்னி வேன். அந்த வண்டியின் தயாரிப்பு 2019-ல் நின்றுவிட்டாலும் நம் ஊர்ப்பக்கம் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மேலே பழைய இரும்புக் கேரியர். 5 அடி நீளம், மூன்றரை அடி அகலம், குறுக்கே ஆறு பைப்புகள். பைப்புக்கும் பைப்புக்கும் நடுவில் ஒரு அடி சந்து. முதல் பயணத்தில் அறுபது பெட்டிகளைச் சாக்கில் கட்டி மேலே போட்டோம். இறக்கிப் பார்த்தால் பதினெட்டுப் பெட்டி சந்தில் இறங்கி நசுங்கிப்போச்சு. ஒரு வாரம் முடைந்த வேலை.

அடுத்த முறை மலிவான பிளைவுட் பலகை ஒன்றை வாங்கிக் கேரியர் மேல் வைத்துக் கயிற்றால் கட்டினோம். பெரிய ரோட்டில் ஏறி வேகம் பிடித்ததும் பலகையின் முன்பக்கம் காற்றில் தூக்கிக்கொண்டது. டமார் டமார் என்று சத்தம். டிரைவர் தம்பி ஓரம் கட்டி நிறுத்திவிட்டார். பின்னால் ஒரு டூவீலரில் கணவன், மனைவி, கைக்குழந்தை வந்துகொண்டிருந்தார்கள். பலகை பறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கு நினைத்தாலும் அடிவயிறு கலங்குகிறது. அந்தப் பலகையும் ஐப்பசி மழையில் ஊறி, ஓரம் அப்பளம் மாதிரி விரிந்து வீணானது.

அதற்குப் பிறகுதான் பட்டறைக்குப் போய் விசாரித்தோம். புள்ளி வைத்த இரும்புத் தகடு (செக்கர் பிளேட்) அடித்துத் தருகிறோம், 6,200 ரூபாய் ஆகும் என்றார்கள். குழுக் கூட்டத்தில் இதைச் சொன்னதும் பாதிப் பேர் சரி என்றார்கள். எங்கள் ஊக்குநர் அக்காதான், “தகடு எத்தனை கிலோ வரும்னு கேட்டீங்களா?” என்றார். நாங்கள் கேட்கவில்லை.

கணக்கு எளிதுதான். ஒரு சதுர அடி இரும்புத் தகடு, ஒரு மில்லி மீட்டர் கனத்துக்கு, ஏறத்தாழ முக்கால் கிலோ. எங்கள் கேரியர் பதினேழரைச் சதுர அடி. மூன்று மில்லி தகடு போட்டால் 40 கிலோ வந்துவிடும். சரக்கே ஏற்றாமல் ஒன்றரைச் சிப்பம் அரிசியைத் தலையில் வைத்துக்கொண்டு வண்டி ஓட வேண்டும். கூரை எவ்வளவு தாங்கும் என்று வண்டியோடு வரும் கையேட்டில் பாருங்கள். கேரியரின் எடை, தளத்தின் எடை இரண்டும் அதில்தான் அடங்கும். மீதிதான் நம் சரக்குக்கு. தளம் கனத்தால் சரக்கு குறையும்.

அலுமினியத் தகடு கனம் இல்லை, ஆனால் விலை அதிகம். இரும்போடு நேரடியாக ஒட்டி உப்புக் காற்றும் பட்டால் அலுமினியம் அரித்துவிடும். மூங்கில் மலிவு, தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைக்காத மூங்கிலில் பூச்சி விழுந்து மாவாகக் கொட்டும். அப்பள மூட்டை வைக்கிற இடத்தில் அது வேண்டாம் என்று விட்டோம்.

கடைசியில் பழைய ஓட்டு வீட்டு ரீப்பர் கட்டைதான் எங்களுக்குச் சரிப்பட்டது. ஓட்டு வீட்டைப் பிரித்தால் ரீப்பர் பழைய மரக்கடைக்கு வந்துவிடும். பல வருஷம் காய்ந்த மரம், இனி முறுக்காது. வாங்கும்போது ஆணி ஓட்டை அதிகம் இல்லாததாக, கரையான் தொடாததாகப் பொறுக்குங்கள். தட்டிப் பார்த்தால் சத்தமே சொல்லும்.

அளவைச் சொல்கிறோம். மேல் சட்டம் 2 இன்ச் அகலம், முக்கால் இன்ச் கனம், 5 அடி நீளம், மொத்தம் 14. வண்டியின் நீளவாக்கில் படுக்க வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு சட்டமும் ஆறு பைப்பின் மேலும் உட்காரும். சட்டத்துக்கும் சட்டத்துக்கும் ஒரு இன்ச் இடைவெளி. இந்த இடைவெளி மரத்தை மிச்சம் பிடிப்பதற்காக மட்டும் இல்லை. மழைத் தண்ணீர் வடிய வேண்டும், காற்று நுழைந்து வெளியேற வேண்டும். அன்றைக்குப் பலகை தூக்கியதற்குக் காரணமே காற்றுக்கு வழி இல்லாததுதான்.

14 சட்டத்தையும் ஒரே தளமாக அடிக்காமல் ஏழு ஏழாக இரண்டு தட்டி செய்தோம். ஒவ்வொன்றும் 20 இன்ச் அகலம், எட்டுக் கிலோ அளவுக்கு வரும். ஒரு பெண் தனியாகத் தூக்கி மேலே கொடுக்கலாம். ஒவ்வொரு தட்டிக்கும் அடியில் மூன்று குறுக்குக் கட்டைகள், ஒரு இன்ச் கனம். இவை பைப்பின் மேல் உட்காரக் கூடாது. பைப்புகளுக்கு நடுவில் இறங்க வேண்டும். முன் கட்டை முதல் பைப்பின் பின்பக்கத்தை ஒட்டி, பின் கட்டை கடைசிப் பைப்பின் முன்பக்கத்தை ஒட்டி, மூன்றாவது நடுவில். டிரைவர் பிரேக் போட்டால் தட்டி முன்னால் வழுக்கப் பார்க்கும், முன் கட்டை பைப்பில் முட்டி நிறுத்திவிடும். கட்டைக்கும் கூரைக்கும் நடுவே இரண்டு விரல் இடமாவது இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள்.

இதில் ஒரு கூத்து. அளவெடுத்தது எங்கள் தையல்கார உறுப்பினர், தையல் டேப்பை வைத்து. நாளானதில் டேப் இழுபட்டு, ஐந்து அடிக்கு அரை இன்ச் பிசகியது. முதல் தட்டி பைப்புக்கு நடுவில் இறங்கவே இல்லை. குறுக்குக் கட்டையைக் கழற்றித் திரும்பப் பூட்டினோம். இரும்பு டேப்பில் அளங்கள்.

ஸ்க்ரூவை அடியிலிருந்து மேல் நோக்கி முடுக்க வேண்டும். ஒரு இன்ச் கட்டை, முக்கால் இன்ச் சட்டம். ஒன்றரை இன்ச் ஸ்க்ரூ போட்டால் முனை மேலே வராது. முனை வெளியே வந்தால் சாக்கும் கிழியும், கையும் கிழியும். பழைய மரம் வெடிக்கும் என்பதால் முதலில் மெல்லிய துளை போட்டுக்கொள்ளுங்கள். துரு ஏறாத ஸ்க்ரூவாகக் கேட்டு வாங்குங்கள்.

தட்டியைக் கேரியரோடு பிடிக்க, பிளம்பர்கள் பைப்பைச் சுவரில் பிடிக்கப் போடும் இரும்புக் கிளாம்ப் போதும். ஒரு தட்டிக்கு நான்கு. கிளாம்ப் பைப்பை அடியிலிருந்து கவ்வும், உருண்டைத் தலைப் போல்ட் மேலிருந்து சட்டத்தின் வழியே இறங்கும், நட்டு கீழே இருக்கும். உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு (நைலாக்) அதிர்ச்சியில் தானாகக் கழலாது. பைப்புக்கும் மரத்துக்கும் நடுவில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினோம். கடகடவென்ற சத்தம் போச்சு, பெயிண்டும் உரியவில்லை. கேரியர் பைப்பில் துளை போடாதீர்கள். துளை வழியே தண்ணீர் இறங்கி உள்ளிருந்தே துரு தின்னும். வண்டிக் கூரையில் துளை போடுகிற பேச்சே வேண்டாம்.

மாட்டுவதற்கு முன்பு கேரியரின் துருவைச் சுரண்டி ரெட் ஆக்சைடு அடித்தோம். மரத்துக்கு ஒரு கோட் பிரைமர், இரண்டு கோட் எனாமல். சட்டத்தின் வெட்டுமுனையில் மட்டும் இன்னும் ஒரு கோட், தண்ணீரை உறிஞ்சுவது அந்த முனைதான். கழிவு ஆயில் பூசினால் செலவே இல்லை என்று ஒருவர் சொன்னார். தின்பண்டமும் ஓலையும் வைக்கிற இடம், அந்த யோசனை வேண்டாம்.

செலவுக் கணக்கு தீர்மான நோட்டில் எழுதியபடி: ரீப்பர் 80 அடி 1,120 ரூபாய், ஸ்க்ரூ 150, கிளாம்ப்பும் போல்ட்டும் 320, பெயிண்ட் வகை 380, பிரஷ், உப்புத்தாள் 90, ஆசாரிக்கு அறுக்கவும் இழைக்கவும் 500. ஆக மொத்தம் 2,560 ரூபாய். சைக்கிள் டியூப் இனாம். பூட்டியதும் பெயிண்ட் அடித்ததும் நாங்கள். உங்கள் ஊர் விலை முன்பின் இருக்கும்.

தளம் போட்டாச்சு என்று எல்லாவற்றையும் மேலே ஏற்றிவிடாதீர்கள். இதில்தான் எங்களுக்குள்ளேயே சண்டை வந்தது. மாவு மூட்டையையும் மேலே போட்டால் இன்னும் ஒருவர் உட்காரலாமே என்று கேட்டார்கள். தலையில் நிறைகுடத்தோடு நடக்கும்போது யாராவது கூப்பிட்டால் சட்டென்று திரும்புவோமா? இடுப்பில் குடம் இருந்தால் திரும்பிவிடுவோம். வண்டிக்கும் அதேதான். கனம் உச்சியில் இருந்தால் வளைவில் சாயும். மாவும் எடைத் தராசும் உள்ளே, கால்மாட்டில். ஓலைப் பெட்டியும் அப்பளக் கூடையும் மேலே. அதற்காக ஒரு ஆள் பஸ்ஸில் போனாலும் பரவாயில்லை என்று தீர்மானம் போட்டோம்.

கயிற்றை மரச் சட்டத்தில் கட்டாமல் கேரியர் பைப்பில் கட்டுங்கள். தார்ப்பாயின் முன் ஓரத்தைச் சரக்குக்கு அடியில் மடித்துவிட்டால் காற்று புகாது. பக்கவாட்டில் வண்டியைத் தாண்டி எதுவும் நீட்டிக்கொண்டு இருக்க வேண்டாம்.

தளம் தட்டையாக இருப்பதைப் பார்த்ததும் பிள்ளைகளுக்கு ஏறி உட்கார ஆசை வரும். வண்டியின் கூரையில் ஆள் பயணம் செய்யக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 1988, 123-ஆம் பிரிவு சொல்கிறது. பக்கத்து ஊர்த் தேருக்குத்தானே என்றாலும் ஏற்றாதீர்கள். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பது அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவு. எங்கள் வண்டியில் கேரியர் முன்பே இருந்தது. புதிதாகக் கேரியர் வைக்க நினைப்பவர்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள்.

மாட்டிய பிறகு முதல் பயணத்தில் பத்துக் கிலோமீட்டர் போனதும் நிறுத்தி எல்லா நட்டையும் பார்த்தோம். இரண்டு இளகியிருந்தது, டியூப் அழுந்திவிட்டதால். இறுக்கினோம். ஊர் திரும்பியதும் இன்னொரு முறை. இப்போது மாதக் கூட்டத்தன்று ஸ்பேனரோடு ஒருவர் மேலே ஏறிப் பார்க்கிறார். கண்காட்சி இல்லாத மாதங்களில் தட்டியைக் கழற்றித் திண்ணையில் சாய்த்துவைக்கிறோம். காற்றுத் தடை குறைந்து பெட்ரோலும் மிச்சம். போன மாதம் அதே திண்ணையில் அந்தத் தட்டி மேல்தான் வடகம் காய்ந்தது.