சக்கர நாற்காலிப் படம் போட்ட கதவு
(மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கொடு என்று கேட்டபோது நான் லேத் பற்றியோ சி.என்.சி. பற்றியோ எழுதுவேன் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். நான் எழுதப் போவது கழிப்பறை பற்றி. "ஏன்டா, உனக்கு வேற சப்ஜெக்டே கிடைக்கலையா?" என்று அறைத் தோழன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரிக்கட்டும். கும்மிடிப்பூண்டியில் அந்த அண்ணனைப் பார்க்கும் வரை நானும் அவனைப் போல்தான் இருந்தேன்.

போன விடுமுறையில் கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஒரு கம்பெனியில் இரண்டு வாரம் இன்பிளான்ட் டிரெய்னிங். கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். கேன்டீனை ஒட்டி நான்கு கழிப்பறைகள். மூன்று இந்தியன் டைப். நாலாவது கதவில் சக்கர நாற்காலிப் படம். உள்ளே நல்ல விசாலம், வெஸ்டர்ன் கமோடு, சுவரில் கம்பி, பெரிய கண்ணாடி. டிரெய்னிங் வந்த பையன்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? யூனிபார்ம் மாற்றுவது, தலை சீவுவது, போன் பார்ப்பது எல்லாம் அங்கேதான்.

நான்காம் நாள் நான் உள்ளே இருந்தபோது யாரோ கதவைத் தட்டினார்கள். "ஆள் இருக்கு, இருங்க" என்று குரல் கொடுத்துவிட்டு, பேன்ட் மாற்றி, வந்திருந்த மெசேஜுக்கெல்லாம் பதில் போட்டு, சாவகாசமாக வெளியே வந்தேன். ஸ்டோர்ஸில் வேலை பார்க்கும் ஒரு அண்ணன் இரண்டு ஊன்றுகோல்களில் நின்றுகொண்டிருந்தார். மற்ற மூன்று கதவுகளும் திறந்தே கிடந்தன. "பரவால்ல தம்பி" என்றார். ஆனால் உள்ளே போகவில்லை. திரும்பி மெதுவாக நடந்துவிட்டார். டக்-இன் செய்திருந்த சட்டையை வெளியே இழுத்து விட்டிருந்தார். ஏன் என்று எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று.

அன்று மாலை டீக்கடையில் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. முன்பு வேறொரு இடத்தில் ஷெட் கூரையில் வேலை செய்தபோது ஷீட் உடைந்து கீழே விழுந்தவராம். முதுகுத்தண்டில் அடி. நடை பாதி திரும்பி வந்தது. சிறுநீரை அடக்கும் சக்தி வரவில்லை. "வந்துச்சுன்னா ரெண்டு நிமிஷம்தான் தம்பி டைம். அதனால மீஞ்சூர்ல வண்டி ஏறுனதுல இருந்து சாயங்காலம் வீடு போற வரைக்கும் ரெண்டு வாய் தண்ணிதான் குடிப்பேன்" என்றார். மே மாதம். ஷெட்டுக்குள் என்ன சூடு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

அதற்குப் பிறகுதான் இந்தக் கதவைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் நமக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. நாம் டிராயிங் போர்டு முன்னால் நிற்பவர்கள்தானே! மத்திய அரசு 2021இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி இந்த அறையின் உள்ளளவு குறைந்தது 2200க்கு 2000 மி.மீ. கதவின் திறப்பு 900 மி.மீ. உள்ளே சக்கர நாற்காலி முழுதாகத் திரும்ப 1500 மி.மீ. விட்டமுள்ள ஒரு வட்டம் காலியாக இருக்க வேண்டும். நாம் "ஆகா, எவ்வளவு இடம்!" என்று பையை வைப்பதும், ஓரமாகப் பக்கெட்டை வைப்பதும் அந்த வட்டத்துக்குள்தான். ஒரே ஒரு பக்கெட் போதும், நாற்காலி திரும்பாது. அந்த இடம் காலி இடம் அல்ல நண்பர்களே, அது ஓடும் பாகத்துக்கு விடும் கிளியரன்ஸ் மாதிரி.

கதவு ஏன் வெளிப்பக்கம் திறக்கிறது? உள்ளே ஒருவர் தவறி விழுந்துவிட்டால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துக்கொள்ளும்; காப்பாற்றப் போகிறவர் தள்ளத் தள்ள அவருக்குத்தான் அடி. அலாரம் பொத்தானோ கயிறோ ஏன் தரையிலிருந்து 300 மி.மீ. உயரத்திலும் ஒன்று இருக்கிறது? விழுந்து கிடப்பவர் கைக்கு எட்டத்தான். அதைத் துணி மாட்டும் கொடியாக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது தண்ணீர். இதை நம் ஊருக்கென்றே தனியாகச் சொல்ல வேண்டும். நமக்குச் சுத்தம் என்றால் நாலு மக்கு தண்ணீரை வாரி அடிப்பது. தரை, சீட்டு, கம்பி எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தால்தான் "கழுவியிருக்கு" என்று திருப்தி. ஊன்றுகோலின் அடியில் இருப்பதோ ஒரு சின்ன ரப்பர் மூடி. ஈர டைல்ஸில் அதன் பிடிமானம் எவ்வளவு என்று உராய்வுப் பாடம் படித்த நமக்குச் சொல்லவா வேண்டும்? நாற்காலியிலிருந்து கமோடுக்கு மாறுகிறவர் உடல் எடை முழுவதையும் அந்தக் கம்பியில் ஏற்றுகிறார். கம்பி ஈரமானால் கை வழுக்கும். ஆகவே அந்த அறையை விட்டு வரும்போது கழுவுவதோடு வேலை முடியவில்லை. சீட்டையும் கம்பியையும் துடைத்து, தரைத் தண்ணீரைத் தள்ளிவிட்டு வர வேண்டும். இன்னொன்று, செருப்புக் காலோடு கமோடு மேல் ஏறிக் குத்த வைப்பது. சீட்டு விரிசல் விடுவது இதனால்தான். உணர்ச்சி இல்லாத தொடையில் அந்த விரிசல் கிழித்தால் அவருக்கு வலிகூடத் தெரியாது. புண்ணாகி, சீழ் பிடித்த பிறகுதான் தெரியும்.

தண்டுவடம் அடிபட்டவர்கள் பலர் நாலு மணிக்கோ ஆறு மணிக்கோ ஒருமுறை தாங்களே டியூப் விட்டுத்தான் சிறுநீரை வெளியேற்றுகிறார்கள். இதற்குச் சுத்தமான இடமும் கை கழுவ வசதியும் வேண்டும். நேரம் தவறினால் தொற்று வரும், சிறுநீரகம் வரைக்கும் போகும். மார்பின் நடுப்பகுதிக்கு மேல் அடிபட்டவர்களுக்கு இன்னும் ஆபத்து: சிறுநீர்ப்பை நிரம்பி நின்றாலே ரத்த அழுத்தம் திடீரென ஏறி, மூளையில் ரத்தக்கசிவு வரை போகலாம். கதவுக்கு வெளியே காத்திருக்கும் பத்து நிமிடம் எல்லோருக்கும் ஒரே பத்து நிமிடம் இல்லை.

"அப்படியானால் நாங்கள் அந்தப் பக்கமே போகக் கூடாதா?" என்று கேட்பீர்கள். என் கருத்து இது. மற்ற கதவு ஒன்று திறந்திருந்தால் அதற்குத்தான் போக வேண்டும். எல்லாம் நிரம்பி, நமக்கும் நிஜமாகவே அவசரம் என்றால் போகலாம். சீக்கிரம் வரவேண்டும், தட்டினால் "இதோ வந்துட்டேன்" என்று உடனே வரவேண்டும். தலை சீவுவதற்கும் போன் பேசுவதற்கும் அது இடமே இல்லை. க்யூவில் நிற்கும்போது அந்தக் கதவு தேவைப்படுபவர் வந்தால் அவருக்குத்தான் முதல் இடம், கடைசியில் வந்திருந்தாலும்.

ஆனால் இதைத் தெரிந்துகொண்ட உற்சாகத்தில் நாமே வாட்ச்மேன் ஆகிவிடக் கூடாது. "நல்லாத்தானே நடக்குறாரு, இவருக்கு எதுக்கு இது?" என்று ஒருவரைத் தடுப்பது பெரிய தவறு. நம் பக்கத்துப் பொதுக் கழிப்பறைகள் பலவற்றில் மற்றதெல்லாம் இந்தியன் டைப். உட்கார்ந்து எழக்கூடிய கமோடு இந்த ஒரு கதவுக்குள் மட்டும்தான். முழங்கால் தேய்ந்த பாட்டிக்கு வேறு எங்கே போக்கு? நிறைமாதக் கர்ப்பிணி, மூட்டு ஆபரேஷன் ஆனவர், குடல் ஆபரேஷன் முடிந்து வயிற்றில் பை மாட்டியிருப்பவர், இவர்களில் பலரைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இங்கிலாந்தில் பல கடைகளின் இந்தக் கதவுகளில், எல்லா ஊனமும் கண்ணுக்குத் தெரியாது என்ற பொருளில் பலகையே மாட்டியிருக்கிறார்கள். ஆகவே அவரவர் மனசாட்சிக்கு விட்டுவிடுவோம். நம் வேலை நம்மைக் கவனிப்பது.

மனைவியைத் தூக்கி உட்கார வைக்கும் கணவர், வளர்ந்த மகனுக்கு உதவும் அம்மா, இவர்கள் இருவருமாகத்தான் உள்ளே போவார்கள். முறைத்துப் பார்க்காதீர்கள். இந்த அறையை ஆண்கள் பகுதிக்குள்ளோ பெண்கள் பகுதிக்குள்ளோ அடைக்காமல் தனி வாசலாகவும் வைக்கச் சொல்வது இவர்களுக்காகத்தான். அதே போல் உதவுகிறேன் என்று கேட்காமல் நாற்காலியைப் பிடித்துத் தள்ளக் கூடாது. "அண்ணா, ஏதாவது செய்யணுமா?" என்று ஒரு வார்த்தை. வேண்டாம் என்றால் விலகி விடுவது.

கதவில் இருக்கும் அந்தப் படத்தை வரைந்தது யார் தெரியுமா? நம்மைப் போல ஒரு மாணவிதான்! 1968இல் சூசன் கோஃபோட் என்ற டென்மார்க் வடிவமைப்பு மாணவி வரைந்தார். அவர் வரைந்ததில் வெறும் நாற்காலி மட்டும்தான், தலை இல்லை. அடுத்த ஆண்டு கார்ல் மொன்டான் என்பவர் மேலே ஒரு வட்டத்தைச் சேர்த்தார், நாற்காலி மனிதராயிற்று. இன்று உலகமெங்கும் அதுதான்.

சட்டம் உண்டா? உண்டு. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் 46ஆம் பிரிவே பொது இடங்களில் சக்கர நாற்காலிக்கு ஏற்ற கழிப்பறை வேண்டும் என்றது. ஆனால் "பொருளாதார வசதிக்கு உட்பட்டு" என்று ஒரு வால் ஒட்டியிருந்தது. வாலைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் தப்பித்தார்கள். 2016ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வாலை வெட்டி, பழைய பொதுக் கட்டடங்களைச் சரிசெய்ய ஐந்தாண்டு கெடு வைத்தது. விதிகள் 2017 ஜூனில் வந்தன; கெடு 2022இல் முடிந்துவிட்டது. 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், இந்த அளவுகளை வெறும் ஆலோசனையாக விட முடியாது, கட்டாயமாக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில் எல்லா நீதிமன்ற வளாகங்களிலும் மாற்றுத்திறனாளிகளுக்கு உரிய கழிப்பறை வேண்டும் என்று உத்தரவிட்டது. சட்டம் பற்றி இவ்வளவு போதும்.

நம் பகுதிக்கு வாருங்கள். கும்மிடிப்பூண்டி லோக்கலிலும் சரி, திருவள்ளூர் லோக்கலிலும் சரி, பெட்டியில் கழிப்பறை கிடையாது. சென்ட்ரலில் ஏறி மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை தாண்டிக் கும்மிடிப்பூண்டி வந்து சேர ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். பிறகு ஷேர் ஆட்டோ, பிறகு கம்பெனி கேட். வழியில் ஒரு கதவு பூட்டியிருந்தால் நாம் புதர் ஓரம் ஒதுங்கிவிடுவோம். (பெண்களால் அதுவும் முடியாது.) ஊன்றுகோலில் வருபவர் என்ன செய்வார்? தண்ணீர் குடிக்காமல் வருவார். அல்லது வேலைக்கே வர மாட்டார்.

"இங்க வீல்சேர்ல யாரும் வர்றதே இல்லையே, அப்புறம் எதுக்கு?" என்று பூட்டிவைப்பவர்கள் சொல்வது இதனால்தான் தலைகீழ். கதவு இல்லாததால்தான் ஆள் வரவில்லை. வேலூர் சி.எம்.சி.யின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அதற்குப் பிறகும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் உருவாகக் காரணமானவரும் அவரே. அவரால் போக முடிந்த கதவுகள் அங்கே இருந்தன என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

பல இடங்களில் இந்த அறை துடைப்பம், பினாயில் வைக்கும் ஸ்டோர் ரூம் ஆகிவிடுகிறது. உடனே தூய்மைப் பணியாளர் அக்காவைத் திட்டாதீர்கள். அவர்களுக்குப் பொருள் வைக்க ஒரு அலமாரி, மாட்ட ஒரு ஆணி யாராவது கொடுத்தார்களா? கொடுத்தால் அறை தானாகக் காலியாகும்.

கடைசியாக நம் வீட்டுக் கதை. எங்கள் பிளாக்கின் தரைத்தளத்திலும் இப்படி ஒரு கதவு உண்டு. இரண்டு வருடமாகப் பூட்டு. உள்ளே உடைந்த ஸ்டூல்களும் பழைய டிராயிங் போர்டுகளும். இரண்டாமாண்டில் காலிபர் போட்ட மாணவி ஒருவர் மதியத்துக்கு மேல் வகுப்பில் இருக்கவே மாட்டார். வருகைப் பதிவு குறைந்து கண்டோனேஷன் கட்டணம் கட்டினார். சும்மா கட் அடிக்கிறார் என்றுதான் நாங்கள் பேசிக்கொண்டோம். (அவர் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.) யூனியன் சார்பில் கடிதம் கொடுத்தோம். மூன்றாவது கடிதத்தில் சாவி வந்தது. ஒரு சனிக்கிழமை பத்துப் பேர் சேர்ந்து சாமான்களை மாடிக்கு ஏற்றினோம். துடைப்பத்துக்கு வெளிச்சுவரில் ஆணி அடித்தாயிற்று. கம்பி ஒரு பக்கம் ஆடுகிறது, சிவில் பையன்கள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். தாழ்ப்பாள் விரலால் திருகும் குமிழ் வகை, கை வலுவில்லாதவர்களுக்கு உதவாது. முழங்கையால் தள்ளினாலே திறக்கும்படி ஃபிட்டிங் ஷாப்பில் ஒரு லீவர் செய்துகொண்டிருக்கிறோம். முதல் பீஸ் ரிஜெக்ட், துளை இரண்டு மில்லி தள்ளிவிட்டது. இரண்டாவது பீஸ் வைஸில் இருக்கிறது.