சீலா பிடிக்க எவ்வளவு செலவாகும்?



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று நம் யூனியன் செக்ரட்டரி கேட்டபோது, கவிதை எழுதலாமா என்று முதலில் யோசித்தேன். கவிதை எழுத நம் காலேஜில் ஆளுக்குப் பஞ்சமில்லை. அதனால் நான் காசு கட்டிப் படித்த ஒரு பாடத்தை எழுதுகிறேன். அந்தப் பாடத்துக்கு நான் கட்டிய ஃபீஸ் 3,200 ரூபாய். உங்களுக்கு இலவசம்!

பாடத்தின் பெயர்: குறைந்த செலவில் சீலா மீன் பிடிக்கத் தூண்டில் வாங்குவது எப்படி?

என்ன, சிரிக்கிறீர்களா? ஹாஸ்டலில் ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பில் மீனைத் தேடிக் களைத்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

முதலில் பெயர்க் குழப்பம்

தூத்துக்குடிப் பக்கம் நாம் சீலா என்பதைச் சென்னையில் வஞ்சிரம் என்கிறார்கள். கன்னியாகுமரியில் நெய்மீன். யாழ்ப்பாணத்தில் அறுக்குளா. சென்னைக்குப் போய் 'ஷீலா' என்று கேட்டால் நம் ஊர் ஊளி மீனை எடுத்துப் போடுவார்கள். இங்கிலீஷில் இந்தச் சீலாவைத்தான் 'கிங்ஃபிஷ்' என்று ஓட்டல் மெனு கார்டில் எழுதுகிறார்கள்.

இந்தக் 'கிங்ஃபிஷ்' என்ற வார்த்தைதான் என்னைக் கவிழ்த்தது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் கிங்ஃபிஷ் என்றால் வேறு மீன். அது நம் பாரை மீன் குடும்பம், மஞ்சள் வால். அதன் பல் சிறியது. தூண்டிலில் மாட்டியதும் பாறை இடுக்குக்குள் பாயும். அதனால் அங்கே தடித்த நைலான் நரம்பும், முரட்டு ரீலும், இழுத்து நிறுத்தும் கனமான ராடும் தேவை. நம் சீலாவோ சூரை, காணாங்கெளுத்தி குடும்பம். வாய் நிறைய கத்திப் பல். பாறைக்குள் போகாது. திறந்த கடலில் நேராக ஓடும். ஒரே பெயர், இரண்டு மீன். இரண்டுக்கும் தூண்டில் சாமான் வேறு வேறு.

என் கதை

நான் கடற்கரைப் பையன் இல்லை. கோவில்பட்டி. அப்பா தீப்பெட்டி ஆபீசில் வேலை. 2023-ல் செமஸ்டர் லீவில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்து 3,800 ரூபாய் சேர்த்தேன். மெஸ் பில் கட்ட வைத்திருந்த பணம். என் ரூம் மேட்டுக்குச் சொந்த ஊர் மணப்பாடு. திருச்செந்தூருக்குத் தெற்கே, மணல் குன்றின் மேல் சிலுவைக் கோவில் இருக்கிறதே, அந்த ஊர். "எங்கப்பா கூட வள்ளத்துல வாரியா? சீலா இழுக்கலாம்" என்று அவன் கேட்டான். அவ்வளவுதான், மெஸ் பில் மறந்துபோய் விட்டது.

'கிங்ஃபிஷ்' என்று தேடி, வெளிநாட்டுக்காரர் ஒருவர் சொன்னதை அப்படியே எழுதி வைத்துக்கொண்டு, ராடு, ரீல், தடித்த நைலான், மினுமினுக்கும் பிளாஸ்டிக் மீன் எல்லாம் வாங்கினேன். கம்பி வேண்டாம், கம்பியைப் பார்த்தால் மீன் ஓடிவிடும் என்று அவர் சொல்லியிருந்தார். அவருடைய மீனுக்கு அது சரி.

விடியற்காலையில் வள்ளம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளாஸ்டிக் மீனைப் பின்னால் விட்டு இழுத்துக்கொண்டு போனோம். ஒரு மணி நேரம் இருக்கும். ராடு வளைந்தது. ரீல் கத்தியது. நானும் கத்தினேன். பத்து எண்ணுவதற்குள் நரம்பு தொளதொளவென்று தொய்ந்துவிட்டது. சுற்றி இழுத்துப் பார்த்தால் நரம்பின் நுனி பிளேடால் வெட்டிய மாதிரி சுத்தமாக இருந்தது.

நண்பனின் அப்பா நுனியை விரலால் தடவிப் பார்த்தார். அப்போதுதான் கவனித்தேன், அவருடைய வலது ஆள்காட்டி விரலில் முதல் கணு இல்லை.

"பல்லுல்லா பட்டிருக்கு. கம்பி எங்க தம்பி?"

"கம்பி வாங்கலப்பா."

"இம்புட்டு ரூவாய்க்கு ராடு வாங்கிருக்க. கம்பி வாங்கலியா?"

ஆனை வாங்கியவன் அங்குசத்துக்கு யோசித்த கதை! அவர் வேறு ஒன்றும் சொல்லவில்லை. பலகையில் சுற்றி வைத்திருந்த தன் தூண்டிலை விட்டார். ஒரு சாண் கம்பி, ஒரு முள், சாளை மீன் ஒன்று. அன்று காலையே நாலு கிலோ தேறும் ஒரு சீலா வள்ளத்துக்குள் விழுந்தது. கரைக்குத் திரும்பும்போது சொன்னார்:

"தம்பி, மீன் வாய்க்குப் பக்கத்துல காசைப் போடு. உன் கைக்குப் பக்கத்துல அப்புறம் பாத்துக்கலாம்."

நண்பர்களே, இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு வரிக்கு விளக்கவுரைதான். சங்கிலி எந்தக் கண்ணியில் அறும்? பலவீனமான கண்ணியில். ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேப்பரில் இரண்டு மார்க்குக்கு எழுதுகிறோம். கடைக்குப் போனால் மறந்துவிடுகிறோம். ஆகவே வாயிலிருந்து கையை நோக்கி வருவோம்.

1. முள்

சீலாவுக்கு 5/0 அளவு முள் போதும். விலையை விடக் கூர்மை முக்கியம். முள்ளின் நுனியைக் கட்டைவிரல் நகத்தில் லேசாக வைத்து இழுங்கள். வழுக்கினால் மொட்டை, நகத்தில் பிடித்தால் கூர். மொட்டையானதைச் சின்ன அரத்தால் தீட்டலாம். ஃபிட்டிங் லேபில் வாரம் மூன்று மணி நேரம் அரம் தேய்த்தது இதற்காவது உதவட்டும்!

இன்னொரு விஷயம். சீலா இரையை முழுதாக விழுங்குவதில்லை. வேகமாக வந்து வால் பக்கத்தை வெட்டிக்கொண்டு போய்விடும். தலையில் மட்டும் முள் குத்தியிருந்தால் உங்களுக்குத் தலைதான் மிஞ்சும். முதல் முள்ளோடு இன்னொரு முள்ளைக் கம்பியால் கோர்த்து வால் பக்கம் குத்துங்கள். கூடுதல் செலவு பத்து ரூபாய்.

2. கம்பி

இதுதான் அங்குசம். ஒற்றை இழை ஸ்டெயின்லெஸ் கம்பி, ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர், நீளம் ஒன்று அல்லது ஒன்றரைச் சாண். மெல்லியதாக இருப்பதால் மீன் கண்ணில் அதிகம் படாது. கம்பியில் நரம்பைப் போல முடிச்சுப் போடக் கூடாது. இரண்டு இழைகளும் ஒன்றையொன்று சமமாகப் பின்னும்படி ஆறேழு முறுக்கு, பிறகு நெருக்கமாக நாலைந்து சுற்று. ஒரு இழை நேராக நிற்க, மற்றது மட்டும் அதைச் சுற்றினால் இழுக்கும்போது உருவிக்கொண்டு வந்துவிடும்.

கம்பி ஓரிடத்தில் மடங்கிவிட்டால் நிமிர்த்தி மறுபடி கட்டாதீர்கள். மடக்கி நிமிர்த்திய இடம் இறுகி, உடையும் தன்மை வந்துவிடும். நம் மெட்டலர்ஜி சார் சொல்லும் 'ஒர்க் ஹார்டனிங்' இதுதான். பத்து ரூபாய்க் கம்பியை வீசுங்கள், பத்துக் கிலோ மீனை விடாதீர்கள்.

3. சுவிவல்

இரை சுழலும்போது நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் இருக்கக் கம்பிக்கும் நரம்புக்கும் நடுவே இது வேண்டும். சின்னதாக, கறுப்பாக வாங்குங்கள். பளபளப்பாக இருந்தால் சீலா அதையே சின்ன மீன் என்று நினைத்துக் கடிக்கும். கடித்தால் அதற்கு மேலே இருப்பது நைலான். பிறகு என்ன, டாட்டா!

4. நரம்பு

ரீலில் சுற்றுவதற்கு 0.40 மில்லிமீட்டர் நைலான் போதும். சுமார் பத்துக் கிலோ தாங்கும். குறைந்தது 250 மீட்டர் வேண்டும், ஏனென்றால் சீலாவின் முதல் ஓட்டம் நீளமானது. பின்னல் நரம்பு மெல்லியது, பலமானது, விலையும் அதிகம். மாணவர்களுக்கு நைலானே நல்லது. அது கொஞ்சம் நீண்டு கொடுக்கும், நம் தவறுகளை மன்னிக்கும். வெயிலில் போட்டால் கெட்டுவிடும், இருட்டில் வையுங்கள்.

அட்டையில் எழுதியிருக்கும் கிலோவை நம்ப வேண்டாம். நாமே டென்சைல் டெஸ்ட் செய்யலாம். நரம்பின் ஒரு முனையில் பக்கெட்டைக் கட்டித் தொங்கவிட்டு, லிட்டர் லிட்டராகத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ. பக்கெட் எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹாஸ்டல் மாடிப்படியில் நாங்கள் செய்து பார்த்தபோது நரம்பு ஒரு தடவைகூட நடுவில் அறவில்லை. முடிச்சில்தான் அறுந்தது. உலர்ந்த முடிச்சை இறுக்கும்போது உரசல் சூட்டில் நைலான் நொந்துபோகிறது. எச்சில் தொட்டு நனைத்து, மெதுவாக இறுக்கிய முடிச்சு கூடுதலாகத் தாங்கியது. ஒரு துளி எச்சில்! இதைவிட மலிவான சாமான் கடையில் கிடையாது.

5. ரீலின் பிரேக்

ரீல் வாங்கும்போது பேரிங் எத்தனை என்று பார்க்காதீர்கள். பிரேக்கைப் பாருங்கள். நரம்பை மெதுவாக இழுத்தால் வழுக்கிக்கொண்டு வர வேண்டும், வெடுக் வெடுக்கென்று வரக் கூடாது. நரம்பின் பலத்தில் நாலில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை பிரேக் வைப்பது வழக்கம். பத்துக் கிலோ நரம்புக்கு மூன்று கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய பேப்பர்க்காரர் வைத்திருக்கும் கொக்கித் தராசு போதும், அளந்துவிடலாம்.

இப்போது ஒரு கணக்கு. ஸ்பூல் நிறைய நரம்பு இருக்கும்போது விட்டம் 50 மில்லிமீட்டர், பிரேக் 3 கிலோ. மீன் ஓட ஓட நரம்பு குறைந்து விட்டம் 30 மில்லிமீட்டர் ஆகிறது. பிரேக்கின் டார்க் மாறவில்லை, ஆரம் குறைந்துவிட்டது. அப்படியானால் இழுவிசை 3 × 50 ÷ 30 = 5 கிலோ. நீங்கள் எதையும் தொடாமலே 5 கிலோ! தண்ணீருக்குள் கிடக்கும் நீளமான நரம்பின் இழுப்பு வேறு. முடிச்சோ முழுப் பலம் தாங்காது. இந்த நேரத்தில் பதற்றத்தில் நாம் என்ன செய்கிறோம்? "ஓடுதே, ஓடுதே" என்று பிரேக்கை இறுக்குகிறோம். பட்! செய்ய வேண்டியது நேர் எதிர். மீன் தூரம் போகப் போகக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். சீலாவுக்கு ஒளிய இடமில்லை, ஓடிக் களைக்கட்டும்.

6. ராடு கடைசி

கரையில் நின்று வீசுபவருக்குத்தான் ராடு தேவை. பழைய ஃபைபர் கிளாஸ் ராடு போதும். வளையங்களுக்குள் கொஞ்சம் பஞ்சை விட்டு இழுங்கள். பஞ்சு சிக்கினால் வளையத்தில் கீறல் இருக்கிறது. அது நரம்பை அறுக்கும், வாங்காதீர்கள். வள்ளத்தில் போகிறவருக்கு ராடும் வேண்டாம், ரீலும் வேண்டாம். பலகையில் சுற்றிய கைத்தூண்டில் போதும். இதற்கு மட்டும் நரம்பு 1 மில்லிமீட்டர் தடிமன் வேண்டும். மெல்லிய நரம்பு கையை அறுக்கும்.

என் இரண்டாவது பட்ஜெட்

நான்கு முள் 40 ரூபாய். கம்பி ஒரு சுருள் 120. சுவிவல் ஆறு 60. ஒரு மில்லிமீட்டர் நைலான் 100 மீட்டர் 180. பலகை, பட்டறையில் கிடந்த துண்டு, சாரிடம் கேட்டு வாங்கியது. மினுமினுக்கும் பிளாஸ்டிக் மீனுக்குப் பதில் 15 ரூபாய் எவர்சில்வர் ஸ்பூன். காம்பை வெட்டி, இரண்டு முனையிலும் துளை போட்டு, பிசிர் போக அரம் தேய்த்து முள் மாட்டினேன். தண்ணீரில் அது தள்ளாடி மின்னும்போது சாளை மாதிரியே இருக்கிறது. மொத்தம் 415 ரூபாய்.

விரலை நினைத்துக்கொள்ளுங்கள்

நண்பனின் அப்பா விரல் போனது எப்படி என்று கேட்டேன். "கையில ஒரு சுத்து சுத்துனேன். பெரிய மீனு, ஒரே இழுப்பு" என்று மட்டும் சொன்னார். ஆகவே நரம்பைக் கையில் சுற்றவே சுற்றாதீர்கள். கையுறை போடுங்கள். இழுத்த நரம்பைக் கூடைக்குள் விடுங்கள், காலடியில் விடாதீர்கள். வள்ளத்தில் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏறாதீர்கள். பிடிபட்ட சீலாவின் வாய்க்குள் விரல் விட வேண்டாம், முள்ளைக் கட்டிங் பிளேயரால் எடுங்கள்.

தூத்துக்குடிக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவிலுள்ள 21 தீவுகளும் 1986-ல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. அந்தப் பக்கம் தூண்டிலோடு போகக் கூடாது. துறைமுகத்தின் கல் தடுப்புச் சுவரிலும் அனுமதி இல்லாமல் ஏறக் கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். குட்டிச் சீலா மாட்டினால் அதைத் திரும்ப விட்டுவிடுங்கள். அதுவும் படித்து முடிக்கட்டும்!

கடைசியாக

மெஸ் பில் கட்டாததை அப்பாவிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. ஆபீசில் அட்வான்ஸ் வாங்கி அனுப்பினார். அதுதான் வலித்தது.

415 ரூபாய்த் தூண்டிலோடு நான் மூன்று தடவை கடலுக்குப் போனேன். இரண்டு தடவை வெறுங்கை. மூன்றாவது தடவை ஸ்பூனை ஒரு சீலா கவ்வியது. கம்பியில் பல் பட்ட கீறல் தெரிந்தது, ஆனால் கம்பி அறவில்லை. இரண்டரைக் கிலோ. தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டுக் கோவில்பட்டி பஸ் ஏறினேன். அம்மா துண்டு போட்டுக்கொண்டிருக்கும்போது அப்பா கேட்டார்: "கடையில வாங்குனா இது என்ன விலை வரும்?" சொன்னேன். மனசுக்குள் கணக்குப் போட்டார். "அப்ப இன்னும் ரெண்டு மீன் பாக்கி" என்றார்.

அந்த இரண்டு மீனையும் டிப்ளமோ முடிப்பதற்குள் பிடித்துவிட வேண்டும். ராடு, ரீல் யாருக்காவது வேண்டுமானால் ரூமுக்கு வாருங்கள், பாதி விலைக்குத் தருகிறேன். கம்பி மட்டும் நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்!

— மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன்