பூனைக்குக் கண் கலங்கினால்

எலிக்கு விஷம் வைக்காத நம் வீடுகளில் நெல்மூட்டைக்குக் காவல் பூனைதான். போன பிசான அறுவடையில், நெல் தூற்றிய மறுநாள், எங்கள் பூனை வலது கண்ணை இடுக்கிக்கொண்டு நீர் வடிய வந்து நின்றது.

"நந்தியாவட்டைப் பூவைக் கசக்கி ரெண்டு சொட்டு விடுலே, சரியாப் போயிரும்" என்றாள் ஆச்சி. நானோ, அவளுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து மிஞ்சியிருந்த சொட்டு மருந்தை எடுத்தேன். நல்லவேளை, மூடியைத் திறக்குமுன் கால்நடை மருத்துவருக்குப் போன் போட்டேன். "ரெண்டையும் விடாதீங்க, தூக்கிட்டு வாங்க" என்றார்.

கண்ணில் சாயச் சொட்டு விட்டு நீல விளக்கில் பார்த்தார். கருவிழியில் பச்சையாக ஒரு கீறல் தெரிந்தது. மூன்றாவது இமைக்குப் பின்னால் ஒட்டியிருந்த உமித்துணுக்கை எடுத்தார். நான் கொண்டுபோன குப்பியைக் காட்டி, "இதுல ஸ்டீராய்டு இருக்கு. விட்டா சிவப்பு குறையும், ஆனா புண் ஆறாது. கருவிழியில ஓட்டை விழுந்து கண்ணே போயிரலாம்" என்றார்.

டெக்சாமெத்தசோன், பிரட்னிசோலோன், பீட்டாமெத்தசோன் என்று குப்பியில் இருந்தால் அது ஸ்டீராய்டு. கண்ணில் புண் இல்லை என்று மருத்துவர் பார்த்துச் சொல்லாமல் விடக் கூடாது. பூச்சாறு, தாய்ப்பால், வேப்பெண்ணெய், மஞ்சள் நீர் இவையும் வேண்டாம். இயற்கையானதுதான், ஆனால் கிருமி நீக்கியது இல்லை. புண்ணில் சீழ் வைத்துவிடும்.

வீட்டில் செய்யக்கூடியது இவ்வளவுதான்:

• கொதிக்கவைத்து ஆறிய நீரில் சுத்தமான பஞ்சை நனைத்து, பீளையை மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துடைக்கவும். கண்ணுக்கு ஒரு பஞ்சு.

• மருத்துவர் தந்த மருந்தை விடும்போது பூனையைத் துண்டில் சுற்றி, பின்பக்கமிருந்து தலையைப் பிடிக்கவும். குப்பி முனை கண்ணில் படக் கூடாது.

• இரண்டு மருந்து என்றால் நடுவே 5 நிமிடம் விடவும். சொட்டு முதலில், களிம்பு பிறகு.

• கண் தெளிந்துவிட்டதென்று பாதியில் நிறுத்த வேண்டாம்.

• வலிக்கென்று பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது. ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும்.

இரு கண்ணும் கலங்கி, தும்மலும் இருந்தால் பெரும்பாலும் தொற்று. அந்தப் பூனையைத் தனியே வைத்து, தொட்டபின் கை கழுவுங்கள். கண்ணைத் திறக்காமல் இடுக்கினாலோ, கருவிழி வெள்ளையாக மங்கினாலோ, மஞ்சள் பீளை வடிந்தாலோ அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். நம் பக்கத்தில் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

எங்கள் பூனைக்கு ஆன்டிபயாட்டிக் சொட்டு மட்டும்தான் கொடுத்தார். ஒரு வாரம் கழித்து மறுபடி சாயம் விட்டுப் பார்த்தபோது கீறல் இல்லை. ஆச்சியின் மிச்ச மருந்தை அன்றே தூக்கிப் போட்டுவிட்டேன். உங்கள் அலமாரியிலும் ஒரு குப்பி இருக்கும், பாருங்கள்.