வளையம் மாட்டிய விருந்தாளிகள்

நான் ஜுருவில் வளர்ந்தவன். நமக்குக் குளிர்காலம் கிடையாது. ஆனால் வடக்கே குளிர் தொடங்கிவிட்டதென்று கோலா ஜுரு கரையில் நின்றால் தெரிந்துவிடும். செப்டம்பர் முதல், கடல் வற்றிய சேற்றில் உள்ளான்களும் கோட்டான்களும் வந்து இறங்கும். ஏப்ரல் வரை மேயும். இவை சைபீரியாவிலிருந்து வருபவை என்பதை மனிதன் எப்படிக் கண்டுபிடித்தான்?

காலில் மாட்டிய வளையத்தால்தான். 1899இல் டென்மார்க்கின் விபோர்க் நகரில் மோர்டென்சன் என்ற ஆசிரியர், எண்ணும் முகவரியும் பொறித்த அலுமினிய வளையங்களை ஸ்டார்லிங் பறவைகளுக்கு மாட்டினார். இன்றும் முறை அதேதான். நிலவில்லாத இரவில், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வலையைக் கட்டுவார்கள். சிக்கிய பறவையைப் பக்குவமாக விடுவித்துத் துணிப்பையில் இடுவார்கள். இறக்கையை அளந்து, எடை பார்த்து, குறட்டால் வளையத்தை மூட்டிப் பறக்கவிடுவார்கள். கை பழகியவர் மட்டுமே செய்ய வேண்டிய வேலை இது. மலேசியாவில் வனவிலங்குத் துறையின் அனுமதியும் வேண்டும்.

தமிழ்நாட்டின் கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல்லாண்டுகளாக இப்பணியைச் செய்து வருகிறது. நம் நாட்டிலும் இதற்கு வரலாறு உண்டு. 1963இல் மெக்ளூர் தலைமையில் ஆசிய நாடுகள் பலவற்றில் தொடங்கிய ஆய்வு, 1971க்குள் பத்து லட்சத்துக்கும் அதிகமான பறவைகளுக்கு வளையமிட்டது. அமெரிக்க இராணுவம் பணம் கொடுத்தது. பறவைகள் சுமந்து வரும் நோய்களே அவர்கள் கவலை. நமக்குக் கிடைத்ததோ வலசைப் பாதைகளின் வரைபடம்! அந்தக் காலத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் மெட்வே, வெல்ஸ் ஆகியோர் பிரேசர் மலையில் இரவு விளக்கை நாடி வந்த பறவைகளுக்கு வளையமிட்டனர். நம் பல்கலைக்கழக மாணவர் எத்தனை பேருக்கு இது தெரியும்?

வளையம் பாதையை மட்டும் சொல்வதில்லை, சாவையும் சொல்லும். சீனா, கொரியா கரைகளில் மஞ்சள்கடலின் சேற்றுநிலங்கள் தூர்க்கப்பட்டன. தென்கொரியாவில் சேமங்கம் கடற்சுவர் 2006இல் மூடப்பட்டது. வழியில் இரை தேடி அங்கே இறங்கும் பறவைகள் வேறிடம் பார்த்துக்கொள்ளும் என்றனர் சிலர். ஆனால் வடமேற்கு ஆஸ்திரேலியாவில் வண்ண வளையமிட்ட பறவைகளை ஆண்டுதோறும் எண்ணியவர்கள், திரும்பி வருபவை குறைந்ததைக் கண்டனர். போக வேறிடம் இல்லை.

ஜுரு சேறும் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி. 1970களில் பிறை தொழிற்பேட்டைக் கழிவு ஜுரு ஆற்றைக் கெடுத்தபோது, மீனவர் பட்ட பாட்டைப் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் வெளிக்கொணர்ந்தது. மீனவர் பிழைத்த அதே சேற்றில்தான் பறவையும் பிழைக்கிறது. வெறும் சேறுதானே என்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

அடுத்த முறை கடலோரம் போகும்போது தொலைநோக்கியால் பறவையின் கால்களைப் பாருங்கள். மஞ்சள் பட்டை தெரிந்தால் வடமேற்கு ஆஸ்திரேலியா. கறுப்பின் கீழ் வெள்ளை என்றால் சீனாவின் சொங்மிங் தீவு. எந்தக் கால், முழங்காலுக்கு மேலா கீழா, என்ன எழுத்து, எந்த நாள், எந்த இடம் என்பதைக் குறித்து வனவிலங்குத் துறைக்குத் தெரிவியுங்கள். பறவையை விரட்டிக்கொண்டு சேற்றில் இறங்க வேண்டாம்.