கோப்பாகப் பயன்படும் மறுமொழி

நீர் மொண்டு ஊற்றுபவருக்கு, ஏந்துவது குடமா தொட்டியா என்பது பொருட்டன்று. வாய் திறந்திருத்தல் போதும். கணிப்பொறி நிரலிலும் இம்முறை உண்டு.

பைத்தான் மொழியின் சி.எஸ்.வி. எழுதி, தன்னிடம் தரப்படுவது வட்டிலுள்ள கோப்புதானா என ஆராய்வதில்லை. 'ரைட்' என்னும் செயல் அதற்கு இருந்தால் போதும். 2005-ஆம் ஆண்டில் வெளியான ஜாங்கோ சட்டகத்தின் மறுமொழிப் பொருளுக்கு இச்செயல் உண்டு. ஆகவே மழைப்பதிவு அட்டவணையை வட்டில் எழுதி, மீண்டும் படித்து அனுப்ப வேண்டுவதில்லை. மறுமொழியிலேயே வரிவரியாக எழுதலாம்.

எனினும் ஓர் எச்சரிக்கை. எழுதியவை யாவும், அனுப்பப்படும் வரை நினைவகத்திலேயே தங்கும். கோப்பைப் போலவே 'ஃப்ளஷ்' என்னும் செயலும் இதற்கு உண்டு. ஆனால் அதனை அழைப்பதால் ஒரு வரியும் முன்னதாகச் செல்லாது. வரிகள் பல இலட்சமாயின் நினைவகம் நிரம்பி, அதே சேவையகத்தை நம்பியுள்ள பிறரது பணியும் தடைப்படக்கூடும்.

இதற்கு மாற்று, 2013-இல் வெளிவந்த 1.5-ஆம் பதிப்பில் அமைந்த ஓடை மறுமொழி. அதில் நேராக எழுத இயலாது. பெற்ற வரியைச் சேமியாது அப்படியே திருப்பித் தரும் 'ரைட்' செயலுடைய சிறு பொருளொன்றை இடையில் அமைத்தல் வேண்டும். வரிகள் ஒவ்வொன்றாக வெளிச்செல்லும்.

சிறு அட்டவணைக்கு முன்னது எளிது. பேரட்டவணைக்குப் பின்னதே தக்கது.