வரப்போகும் வரியும் வந்திருக்கும் கடனும்

அன்புள்ள தம்பிக்கு,

வருங்கால வளர்ச்சியின் வரியைப் பிணையாக வைத்து இரயில் பாதை போடுவது நியாயமா என்று கேட்டிருந்தாய். பாதை வருவதால் நிலத்தின் மதிப்பு உயருமானால், உடையவரின் பிரயாசையின்றி வந்த அவ்வுயர்வில் ஒரு பங்கைப் பொதுஜனங்கள் கோருவதில் அதர்மம் ஏதுமில்லை. ஆயினும், நியூயார்க்கின் ஹட்சன் யார்ட்ஸ் விருத்தாந்தத்தை நிதானமாகப் படித்த பிறகே அவ்வரியைப் பிணையாக்கும் உன் முதல் மண்டலத்துக்கு நீ எல்லை வகுக்க வேண்டும்.

இரயில் யார்டும் பண்டகசாலைகளுமாய்க் கிடந்த மன்ஹாட்டனின் மேற்கோரத்தில் 2005இல் வானளாவிய கட்டடங்களுக்கு அனுமதியளித்து, அவை சொத்துவரிக்கு ஈடாகச் செலுத்தப்போகும் தொகையையும் கூடுதல் மாடிகளுக்கான உரிமைக் கட்டணத்தையும் நம்பி, இதற்கென்றே நிறுவிய ஒரு ஸ்தாபனத்தின் வாயிலாக 2006இலும் 2011இலும் ஏறத்தாழ 300 கோடி டாலருக்குக் கடன் பத்திரங்களை வெளியிட்டு, 7ஆம் எண் சுரங்க இரயிலை ஏறக்குறைய ஒன்றரை மைல் நீட்டினார்கள். 2008இன் பொருளாதார வீழ்ச்சியால் கட்டடங்கள் தாமதிக்கவே, வட்டியில் ஒரு பகுதியை நகரத்தின் பொதுக் கஜானா சுமக்க நேர்ந்தது. அத்தகைய உதவிக்கு முன்கூட்டியே ஏற்பாடு இருந்தமையால் திட்டம் குலையவில்லை. 2015 செப்டம்பரில் 34ஆம் தெரு நிலையம் திறக்கப்பட்டது. நீ எழுதும் திட்டத்தில் அப்படியொரு ஷரத்து இருக்குமானால், அதை அநுபந்தத்தில் புதைத்துவிடாமல் நகரசபையின் முன் வாய்விட்டுப் படித்துக்காட்டு.

என் மனத்தை அதிகம் வருத்துவது, கட்டப்படாமலே போன ஒரு நிலையம். பத்தாவது அவென்யூவும் 41ஆம் தெருவும் சந்திக்கும் இடத்தில் முதலில் ஒரு நிலையம் உத்தேசிக்கப்பட்டிருந்தது. செலவு மிகுந்தபோது அதை யார் ஏற்பதென்ற சம்வாதத்தில் அது கைவிடப்பட்டது. ஜனங்கள் ஏற்கெனவே குடியிருந்த அந்தப் பகுதியின் கீழே இரயில் இன்று நிற்காமல் ஓடுகிறது. வரி உயர்வை மட்டுமே அளவுகோலாகக் கொள்ளும் நிதிமுறையில், இன்னும் எழாத கோபுரத்துக்கு இருக்கும் குரல் இன்று படியேறி இறங்கும் மூதாட்டிக்கு இல்லாமற்போகும் அபாயம் எப்போதும் உண்டு.

இன்னொன்று: இரயில் வராவிட்டாலும் எழுந்திருக்கக்கூடிய கட்டடத்தின் வரியை உன் மண்டலத்தின் லாபமாக எழுதாதே, அது பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் சேரவேண்டிய பணம்.

வருவாய் அட்டவணை ஆயத்தமானதும், கட்டடங்கள் ஐந்தாண்டு தாமதித்தால் வட்டியை யார் கட்டுவார் என்ற கணக்கையும் சேர்த்தே எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்