அஞ்சு நாள் ஸ்டாக்: பிளேட்லெட் கணக்கு

மழைக்காலம் வந்தாலே "அர்ஜென்ட், பிளேட்லெட் தேவை"ன்னு வாட்ஸ்அப் குரூப்ல மெசேஜ் வர ஆரம்பிச்சிடும். இத்தனைக்கும் வருஷா வருஷம் நம்ம காலேஜ்கள்ல கேம்ப் வெச்சு ரத்தம் கொடுக்கிறோம். அப்புறம் ஏன் தட்டுப்பாடு? பதில் ஓ.ஆர். பாடத்துல வர்ற இன்வென்டரி சாப்டர்ல இருக்கு.

முதல்ல எக்ஸ்பைரி. நாம கொடுக்கிற ஒரு யூனிட் ரத்தத்தை சென்ட்ரிஃபியூஜ்ல சுத்தி மூணா பிரிப்பாங்க. சிவப்பணுக்களை ஃபிரிட்ஜ்ல வெச்சா, சேர்க்கிற கரைசலைப் பொறுத்து 35 முதல் 42 நாள் வரை தாங்கும். பிளாஸ்மாவை உறைய வெச்சா ஒரு வருஷம். பிளேட்லெட் மட்டும் வெறும் 5 நாள். அதுவும் 20–24 டிகிரியில், ஆட்டிக்கிட்டே இருக்கிற மெஷின்ல வைக்கணும். குளிர்ல வெச்ச பிளேட்லெட் நோயாளி உடம்புல ரொம்ப நேரம் தங்காது. அறை வெப்பத்துல வெச்சாலோ பாக்டீரியா வளரும் அபாயம். அதனாலதான் இந்த 5 நாள் கெடு. எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, சிஃபிலிஸ், மலேரியா டெஸ்ட் முடியிறதுக்குள்ள அதுலயும் கொஞ்சம் கரைஞ்சிடும்.

இப்போ ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு ரத்த மையத்துக்கு தினமும் 20 யூனிட் பிளேட்லெட் தேவைன்னு வெச்சுக்குவோம். திங்கட்கிழமை பெரிய கேம்ப், 200 யூனிட். செவ்வாய் சாயங்காலம் டெஸ்ட் முடியுது. புதன் முதல் சனி வரை 4 நாள், 80 யூனிட் செலவாகும். சனி ராத்திரி மீதி 120 யூனிட்டும் குப்பைக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமை வர்ற நோயாளிக்கு ஒண்ணு கூட இருக்காது! அதே 200 பேரை, ரெண்டு நாளுக்கு ஒரு தடவை 40 பேரா பிரிச்சிருந்தா? 10 நாள் தேவை பூர்த்தி, வீணானது பூஜ்ஜியம். கொடுத்தவங்க எண்ணிக்கை மாறல, தேதிதான் மாறுச்சு.

நிஜத்துல தேவை தினமும் 20-லயே நிக்காது. ஒரு நாள் 12, இன்னொரு நாள் 30. அப்போ எவ்வளவு ஸ்டாக் வைக்கிறது? இங்கதான் நியூஸ்வெண்டர் மாடல் உதவும். ஒரு யூனிட் பற்றாக்குறையோட பாதிப்பு, ஒரு யூனிட் வீணாவதைப் போல 9 மடங்குன்னு எடுத்துக்கிட்டா, 9/(9+1) = 0.9. அதாவது பத்துல 9 நாள் தேவையைச் சமாளிக்கிற அளவு ஸ்டாக் வேணும். பிளேட்லெட் சில நாள் தாங்கும்கிறதால நிஜக் கணக்கு இன்னும் சிக்கலானது. ஆனா ஒரு விஷயம் புரியும்: கொஞ்சம் வீணாவது திட்டத்துலயே அடங்கியது. பழைய பையை முதல்ல கொடுக்கிற முறை அந்த வீணைக் குறைக்கும்.

தேவை பக்கமும் பார்க்கணும். கீமோதெரபி எடுக்கிற கேன்சர் நோயாளிகளுக்கு வருஷம் முழுக்க பிளேட்லெட் வேணும். டெங்குல கவுன்ட் இறங்கினதுமே ஏத்தணும்னு அவசியமில்ல. ரத்தக்கசிவு இல்லாதவங்களுக்கு பொதுவா 10,000-க்குக் கீழ போனாத்தான் யோசிப்பாங்க, முடிவு டாக்டரோடது. பயத்துல கேட்டு வாங்குற ஒவ்வொரு யூனிட்டும் நிஜமாவே தேவைப்படுற இன்னொருத்தருக்கு இல்லாம போகலாம்.

ஸ்டாக் தீர்ந்தா இன்னொரு வழி அஃபெரிசிஸ். மெஷின் பிளேட்லெட்டை மட்டும் எடுத்துக்கிட்டு மீதி ரத்தத்தைத் திருப்பி உடம்புக்கே அனுப்பிடும். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும். ஒரே ஆள்கிட்ட, சாதாரண முறையில் 6 பேர்கிட்ட எடுக்கிற அளவு கிடைக்கும். 48 மணி நேரத்துல மறுபடி கொடுக்கலாம். வாரத்துக்கு ரெண்டு, வருஷத்துக்கு 24 தடவைக்கு மேல கூடாது. ஆக, பிளேட்லெட்டோட உண்மையான ஸ்டாக், கூப்பிட்டா வர்ற டோனர் லிஸ்ட்தான்.

அதனால கேம்ப் நடத்துற நண்பர்களே, ஜூன் 14, அக்டோபர் 1-ன்னு எல்லாரும் ஒரே நாளைப் பிடிக்காதீங்க. தேதி வைக்கிறதுக்கு முன்னாடி ரத்த மையத்துக்கு போன் போட்டு, "எப்போ, எத்தனை பேர் வேணும்?"னு கேளுங்க. முக்கியமா தீபாவளி சமயம்: டெங்கு சீசன், ஹாஸ்டல் காலி, டோனர்கள் ஊர்ல. உள்ளூர் டே ஸ்காலர்களோட ஒரு லிஸ்ட்டை இப்பவே தயார் பண்ணி வெச்சா அந்த வாரம் ஓடிடும்.